பணிமூப்பு வரிசையில் பதிமூன்று சேனல்கள்

அந்த ஆஸ்பத்திரியில் சத்தம் போடக் கூடாது. நோயாளிகளின் நன்மைக்காகப் போட்ட சட்டம் என்று யாராவது நினைத்தால், அவர் அங்கே வேலை பார்க்காதவர் என்று அர்த்தம்.

இதய வார்டு இரண்டாம் மாடியில் இருந்தது. இயக்குநரின் கூட்ட அறை அதற்கு நேர் மேலே. வார்டில் படுக்கைக்கு ஒரு மானிட்டர். யாருடைய இதயமாவது தடுமாறினால் அது கீச்சுக்கீச்சென்று கத்தும். ஒரு நாள் 'நோயாளியின் மன அமைதி' என்ற தலைப்பில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து அந்தச் சத்தம் மூன்று தடவை குறுக்கிட்டது. மறுநாள் சுற்றறிக்கை வந்தது. மானிட்டர்களின் ஸ்பீக்கர்களைக் கழற்றிக் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். இனிமேல் அவை தங்கள் கவலையை வைஃபை வழியாக நர்ஸ் மேஜையில் இருக்கும் பெரிய திரையிடம் மட்டும் சொன்னால் போதும்.

பன்னிரண்டு படுக்கை, பன்னிரண்டு கண்ணாடிக் கதவு, மூன்று நர்ஸ், ஒரு திரை. திரையில் பன்னிரண்டு பச்சைக் கோடுகள் ஓடும். கோடு ஓடினால் ஆள் நலம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான்காம் படுக்கையில் இருந்த கணக்கு டீச்சருக்கு மூச்சு முட்டியது. நாற்பத்திரண்டு வயது. இதய வால்வு மாற்றும் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுக் காத்திருந்தவர். அழைப்பு மணிக்குக் கை எட்டவில்லை. மானிட்டர் சிவப்பாக மின்னியது. அதனால் முடிந்தது அவ்வளவுதான். நர்ஸ் மேஜைத் திரையிலோ நான்காம் படுக்கை, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு துடிப்போடு தெம்பாக இருந்தது. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்த டீச்சரின் கணவர் கதவைத் திறந்தார். ஃபிளாஸ்க்கைக் கீழே போட்டார். அது உடைந்த சத்தத்துக்குத்தான் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

டீச்சர் பிழைத்துக்கொண்டார். வார்டின் தலைமை நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். அவர் நேராகத் தரைத்தளத்தில் இருந்த பராமரிப்புப் பிரிவுக்கு இறங்கிப் போய், 'வயர்' என்று பேர் வாங்கியிருந்த ஆளைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவன் பார்த்தது வயரே இல்லாத வைஃபை வேலை. ஆனால் நிர்வாகம் அவனை நியமித்தது வயர்மேன் பணியிடத்தில். பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"இந்தத் திரை பொய் சொல்லுது. என்னன்னு பாரு," என்றார் பெரிய சிஸ்டர்.

"எப்பத்திலிருந்துக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்? பொய் சொல்றவன் சொல்லிட்டா சொல்லுவான்?"

வயர் திரையைப் பார்த்தான். பன்னிரண்டு கோடுகளில் மூன்று, சுவரில் வரைந்து வைத்த மாதிரி அசையாமல் நின்றன. கொஞ்ச நேரம் கழித்துத் துள்ளி ஓடின, மறுபடி நின்றன. தன் போனை எடுத்து, சுற்றுவட்டாரத்தில் எந்த வைஃபை பெட்டி எந்த சேனலில் பேசுகிறது என்று பார்த்தான். கட்டடத்தில் நாற்பத்தாறு பெட்டிகள். நாற்பத்தாறுக்கும் பக்கத்தில் ஒரே எண்: ஆறு.

வைஃபை பேசுவதற்குப் பதிமூன்று பாதைகள் உண்டு. அவற்றைத்தான் சேனல் என்பார்கள். பக்கத்துப் பெட்டிகள் ஒரே சேனலில் இருந்தால், ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றது வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். நான்காம் படுக்கை மானிட்டர் 'இந்த அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது' என்று சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், மேல்மாடியில் யாரோ சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையோ கடைசியாகக் காதில் விழுந்த எழுபத்திரண்டையே காட்டிக்கொண்டிருந்தது.

நான்காம் படுக்கை அறையின் கூரையில் ஒரு பெட்டி இருந்தது. வயர் ஏணி போட்டு ஏறினான்.

"ஸ்கிரீன்ல நான் நல்லா இருந்தேனாமே?" என்றார் டீச்சர், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு.

"எழுபத்திரண்டு, டீச்சர்."

"இங்க இருக்கற என்னைவிட அங்க இருக்கறவ ஆரோக்கியமா இருக்கா. அவளை வீட்டுக்கு அனுப்பிட்டு என்னை மட்டும் வெச்சுக்குங்க. சரி, என்ன கோளாறு?"

சொன்னான். அவர் சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்தது. "நாப்பத்தாறு பசங்களும் ஒரே விடை எழுதினா எங்க ஸ்கூல்ல அதுக்கு காப்பின்னு பேரு."

"இங்க அதுக்கு சீரான நடைமுறைன்னு பேரு, டீச்சர்."

"பதிமூணு இருக்குன்னா பிரிச்சுக் குடுத்துட வேண்டியதுதானே?"

"பக்கத்து நம்பர் ஆகாது. ஒரே சேனல்ல இருந்தாலாவது ஒண்ணுக்கொண்ணு காத்திருக்கும். அடுத்த நம்பர்ல இருக்கறதைப் பேச்சுன்னே எடுத்துக்காது, வெறும் இரைச்சல். குறைஞ்சது அஞ்சு நம்பர் தள்ளி இருக்கணும்."

டீச்சர் ஒரு நொடி மேலே பார்த்தார். "அப்ப ஒண்ணு, ஆறு, பதினொண்ணு. மூணே மூணு. எந்தப் பெட்டிக்கும் பக்கத்துல, மேல, கீழ அதே நம்பர் வரக் கூடாது. அவ்வளவுதானே? ஒரு பென்சில் குடுங்க."

சாயங்காலத்துக்குள், நோயாளி உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில், மூன்று மாடிகளையும் கட்டம் கட்டி, நாற்பத்தாறு பெட்டிகளுக்கும் எண் போட்டு முடித்திருந்தார். ஒரே ஒரு இடத்தில் அழித்துத் திருத்தியிருந்தார்.

"மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"முக்கால் மணி நேரம்."

"அப்புறம் ஏன் இன்னும் இங்க நின்னுட்டிருக்கீங்க?"

"உத்தரவு வரணும், டீச்சர்."

டீச்சர், வகுப்பில் தவறான விடை சொன்னவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்.

நிர்வாக அதிகாரிக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பேர் 'முறைப்படி'. எந்தப் பேச்சையும் அவர் பெரும்பாலும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிப்பார். வயர் எழுதிக்கொண்டு போன ஒரு பக்க மனுவை அவர் மூன்று தடவை படித்தார்.

"முறைப்படி, சேனல்னா டிவி சம்பந்தப்பட்டது. அது பொழுதுபோக்குப் பிரிவு."

"இது வேற சேனல் சார். ஒரு நோயாளிக்கு உயிரே போக இருந்துச்சு."

"போகலையே?"

"இல்ல சார்."

"அப்ப ஏன் தலைப்புல 'மிக அவசரம்'னு போட்டிருக்கீங்க? அவசர மனுக்களைப் பரிசீலிக்க தனிக் குழு. அது ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் கூடும். 'சாதாரணம்'னு போடுங்க. மூணு வாரத்துல கூட்டத்துக்கு வந்துடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வயர் 'மிக அவசரம்' என்பதை அடித்துவிட்டு 'சாதாரணம்' என்று எழுதினான். அடித்தலுக்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டான்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னான். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள்.

"நீங்க பாட்டுக்கு மாத்திட்டு வந்திருக்க வேண்டியதுதானே?"

"உத்தரவு இல்லாம கை வெச்சா வேலை போயிடும்."

"என் வண்டிக்கு முன்னாடி ஒரு புள்ள ஓடி வந்தா, பிரேக் போடட்டுமான்னு ஸ்கூலுக்கு லெட்டர் எழுதிட்டா இருப்பேன்?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

மூன்றாம் வாரம், சொன்னபடியே கூட்டம் கூடியது. நீள மேஜையைச் சுற்றித் துறைத் தலைவர்கள். இயக்குநர் எழுந்து நின்று பேசினார்.

"நான் இந்த நாற்காலியில உக்காந்தப்ப இங்க வைஃபையே கிடையாது. இன்னைக்கு நாப்பத்தாறு பெட்டி. நாப்பத்தாறுக்கும் ஒரே சேனல் குடுத்தது யாரு? நான். எதுக்காக? சமத்துவத்துக்காக. இப்ப வயர் வந்து அந்த சமத்துவத்துல ஏதோ இடைஞ்சல் இருக்குங்கறார். இருக்கலாம். நானே அதை ரொம்ப நாளா உணர்ந்துட்டுதான் இருந்தேன். யாராவது வந்து சொல்லட்டும்னு காத்துட்டிருந்தேன். அதுதான் தலைமைப் பண்பு."

கைதட்டினார்கள். வயர் டீச்சரின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி விளக்கினான். மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாது என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். வேலை முடிந்தது என்று அவன் நினைத்தான்.

"இதுல எனக்கு எது?" என்று கேட்டார் இயக்குநர்.

"உங்க ரூம்ல பதினொண்ணு நல்லா வேலை செய்யும் சார்."

துறைத் தலைவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"பதினோராவது இடத்துல," என்றார் இயக்குநர் மெதுவாக, "நானா?"

"சார், அது இடம் இல்ல, வெறும் நம்பர்..."

"முறைப்படி," என்று குறுக்கிட்டார் நிர்வாக அதிகாரி, "ஒண்ணு ஐயாவுக்கு. ரெண்டு துணை இயக்குநருக்கு. மீதி பணிமூப்பு வரிசையில."

அதற்குப் பிறகு யாரும் வயரைப் பார்க்கவில்லை. மூன்றாம் சேனலுக்கு அறுவைச் சிகிச்சைத் தலைவரும் எலும்புப் பிரிவுத் தலைவரும் மோதிக்கொண்டார்கள். இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். ஒருவர் முற்பகல், மற்றவர் பிற்பகல் என்று பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து நிரூபித்த பிறகுதான் அடங்கியது. "எனக்கு அஞ்சு போன வருஷமே வந்திருக்கணும்," என்று மருந்துக் கிடங்கு அதிகாரி கண் கலங்கினார். வயர் இரண்டு தடவை கையைத் தூக்கினான். "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா குடுத்தா முன்னாடி இருந்ததைவிட மோசமாயிடும் சார்," என்று சொன்னதும் குறிப்பேட்டில் ஏறியது. இப்படி ஏறியது: 'தொழில்நுட்பப் பணியாளர் வரிசை முறையை வரவேற்றார்.'

பன்னிரண்டும் பதிமூன்றும் மிச்சம் இருந்தன. பிணவறையும் இதய வார்டும் மிச்சம் இருந்தன.

"பிணவறைப் பொறுப்பாளருக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்," என்று படித்தார் முறைப்படி. "இதய வார்டுக்குத் தலைமை டாக்டர் பதவி ரெண்டு வருஷமா காலி. காலிப் பணியிடத்துக்கு சர்வீஸ் பூஜ்யம். ஆக, பன்னெண்டு பிணவறைக்கு."

கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிணவறைப் பொறுப்பாளர் எழுந்தார். "ஐயா, என்கிட்ட இருக்கறவங்க யாரும் வைஃபை கேக்கறதில்ல. என் நம்பரை அவங்களுக்கே குடுத்துடுங்க. புண்ணியமாப் போகும்."

"உரிமையை விட்டுக்குடுக்க தனிப் படிவம் இருக்கு. அது இப்ப அச்சுல இல்ல. உக்காருங்க."

வயர் இந்தத் தடவை கையைத் தூக்காமலே பேசினான். "சார், இதய வார்டு மானிட்டருங்களுக்குப் பதினொண்ணுக்கு மேல தெரியாது. அதோட அமைப்பே அப்படி. பதிமூணுல போட்டா வைஃபை இருக்கறதே அதுங்களுக்குத் தெரியாமப் போயிடும்."

"தெரியாதுங்கற வார்த்தைக்கே இந்த ஆஸ்பத்திரியில இடம் கிடையாது," என்றார் இயக்குநர். "தெரியலைன்னா பயிற்சி குடுங்க."

பயிற்சி கொடுத்தார்கள். இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால் பெரிய சிஸ்டர் அந்த வருகைப் பதிவேட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். நோயாளிகளின் நெஞ்சிலிருந்து மானிட்டர்களைக் கழற்றித் தர அவர் மறுத்துவிட்டதால், கிடங்கில் கிடந்த ஒரு பழுதான மானிட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றி, வார்டில் இருந்த பன்னிரண்டின் சார்பில் முன்வரிசையில் நிறுத்தினார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர் 'மாற்றத்தைத் துணிந்து ஏற்போம்' என்று மூன்று மணி நேரம் பேசினார். கையெழுத்துக் கட்டத்தில் முறைப்படி, 'பயிற்சி பெற்றவருக்குக் கை இல்லை' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். சான்றிதழை மானிட்டரின் மேல் ஒட்டினார்கள்.

பிறகு பித்தளைத் தகடுகள் வந்தன. ஒவ்வொரு பெட்டிக்குக் கீழும் சேனல் எண் பொறித்த தகடு. தொடக்க விழாவில் இயக்குநர் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் எதுவும் கிடையாது. பராமரிப்பு அறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த வயருக்கு 'இப்ப' என்று ஒரு செய்தி வந்தது. அவன்தான் மாற்றினான். உத்தரவில் இருந்தபடி, ஒன்று முதல் பதிமூன்று வரை, ஒரு பிழையும் இல்லாமல்.

இரண்டாம் மாடியில் பன்னிரண்டு கோடுகளும் ஒன்றாக மறைந்தன. திரையில் பன்னிரண்டு கட்டங்களிலும் 'இணைப்பு இல்லை' என்று வந்தது.

பெரிய சிஸ்டர் அன்றிலிருந்து ஒரு வழி செய்தார். ஒரு காகிதத்தில் படுக்கை எண்களை எழுதி, நர்ஸ்கள் மாற்றி மாற்றிக் கதவு கதவாகப் போய்ப் பார்த்து, நேரத்தைக் குறிக்க வேண்டும். நடந்து நடந்து அவர்களுக்குக் கால் வீங்கிப்போனது. ஸ்பீக்கர்களையாவது திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினார். 'சத்தமில்லா வளாகம் என்ற விருதுக்கு நம் பெயர் பரிசீலனையில் இருப்பதால் இயலாது' என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் வயர் நேரிலேயே போய்க் கெஞ்சினான். முறைப்படி ஒரு அறிக்கையை எடுத்துக் காட்டினார்.

"படிங்க. முன்னாடி திரை தப்பாக் காட்டுதுன்னு வாரத்துக்கு ஒன்பது புகார். இந்த வாரம் ஒண்ணுகூட இல்ல."

"திரையில எதுவுமே தெரியல சார். அப்புறம் எப்படித் தப்பாக் காட்டும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். தப்பே இல்ல."

டீச்சருக்கு ஆபரேஷன் தேதி வந்துவிட்டது, அடுத்த திங்கட்கிழமை. புதன்கிழமை வயர் அவரைப் பார்க்கப் போனான். பதிமூன்று என்ற தகட்டை அவர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கணக்குல தப்பா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர். கணக்கு சரி."

"அப்ப யாரு போட்ட விடை இது?"

"மாத்திடுவாங்க டீச்சர். திரும்ப எழுதியிருக்கேன்."

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வயர் மூன்றாம் மாடியில், இயக்குநர் அறை வாசலில், ஏணிமேல் நின்றுகொண்டிருந்தான். ஒன்றாம் எண் தகடு லேசாகச் சாய்ந்திருக்கிறது என்று புகார். இயக்குநர் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கீழே, வலிப்பு வந்த பதினோராம் படுக்கைக்காரரை இரண்டு நர்ஸ்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவள் மருந்து வாங்கப் போயிருந்தாள். டீச்சரின் கணவர், மனைவியின் விடுப்புக் கடிதத்தைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். காகிதத்தில் நான்காம் படுக்கைக்கு நேராக இரண்டு ஐம்பதுக்கு ஒரு குறி இருந்தது. அடுத்த குறி மூன்று நாலுக்கு. நடுவில் பதினான்கு நிமிடம். மானிட்டர் அவ்வளவு நேரமும் சிவப்பாக மின்னியிருக்க வேண்டும்.

வயர் ஏணியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது வார்டுக் கதவு திறந்து கிடந்தது. பெரிய சிஸ்டர் நான்காம் அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"திங்கக்கிழமை ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியவப்பா," என்றார். "நேத்துதான் தலைக்குக் குளிப்பாட்டி விட்டேன்."

வயர் ஏணியைச் சுவரில் சாய்த்தான். அவன் கையில் ஸ்குரூடிரைவர் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தகட்டை நேராக்கிய ஸ்குரூடிரைவர். அதை வைத்துத் தன் கையிலேயே குத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

டீச்சரின் கணவர் வந்தார். அறைக்குள் போனார். வெகு நேரம் கழித்து வெளியே வந்து, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றார். வயர் அவரிடம் போனான். ஒரு மாதமாகப் பழகியும் தனக்கு ஒரு விஷயம் தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"சார், டீச்சரோட பேரு என்ன?"

அவர் சொன்னார். இனிஷியலோடு, முழுப்பேரும், ஒவ்வொரு எழுத்தாக.

வயர் பராமரிப்பு அறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டான். உணவுப் பட்டியலின் பின்பக்கத்தை மேஜையில் விரித்து வைத்தான். ஒன்று, ஆறு, பதினொன்று. பெட்டி பெட்டியாக மாற்றினான். தேவைக்கு மேல் இரைந்த பெட்டிகளின் சிக்னல் வீச்சையும் குறைத்தான். பக்கத்து வார்டு வரை கேட்கும்படி கத்த வேண்டிய அவசியம் எதற்கும் இல்லை. அழித்துத் திருத்தியிருந்த அந்த ஓர் இடத்தில் மட்டும் சந்தேகம் வந்தது, சரிபார்த்தான், அவர் திருத்தியதுதான் சரி. எல்லாம் முடிந்ததும், பெட்டிகளின் அமைப்பைத் திறக்கும் கடவுச்சொல்லை மாற்றினான். நாற்பத்து மூன்று நிமிடம் ஆனது.

இரண்டாம் மாடியில் பதினோரு கோடுகள் ஓடின. ஒன்றுகூட நிற்கவில்லை. நான்காவது கட்டம் காலியாக இருந்தது. அந்தத் திரை அன்றுதான் முழு உண்மையைச் சொன்னது.

திங்கட்கிழமை விசாரணை நடந்தது. டீச்சரின் சாவைப் பற்றி இல்லை. சேனல் மாறியதைப் பற்றி. நான்கு நாட்களாக யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. இயக்குநரே கண்டுபிடித்தார்.

"எனக்கு எப்படி சந்தேகம் வந்துச்சு தெரியுமா?" என்று கேட்டார் அவர். "என் ரூம்ல நெட்டு திடீர்னு வேகமாயிடுச்சு. அப்பவே நினைச்சேன், ஏதோ தப்பு நடக்குதுன்னு. விசாரிச்சா, நாலு நாளா நான் பதினொண்ணுல உக்காந்திருக்கேன். வெளிய தகடு ஒண்ணுங்குது, உள்ள பதினொண்ணு. ஒரு இயக்குநரை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா?"

"ஒரு உயிர் போயிடுச்சு சார்," என்றான் வயர்.

"ஆஸ்பத்திரின்னா உயிர் போகத்தான் செய்யும். வருஷா வருஷம் போகுது. அதுக்கு ஒரு பதிவேடு இருக்கு, ஒழுங்கா எழுதிட்டு வரோம். ஆனா உத்தரவை மீறினது இந்த ஆஸ்பத்திரி வரலாற்றுலேயே இதுதான் முதல் தடவை. எது பெரிசுன்னு நீயே சொல்லு."

வயர் சொன்னான். சபையில் சொல்லக் கூடாத வார்த்தையில் சொன்னான். குறிப்பேட்டில் அது ஏறவில்லை.

"முறைப்படி," என்றார் நிர்வாக அதிகாரி, அவன் முகத்தைப் பார்க்காமல், "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிட்டு, சேனலைப் பழையபடி மாத்திட்டீங்கன்னா, தண்டனை வெறும் இடமாற்றம்தான்."

"மாட்டேன்."

"அப்ப கடவுச்சொல்லைக் குடுத்துட்டுப் போ," என்றார் இயக்குநர். "வேற ஆளை வெச்சு மாத்திக்கறோம்."

"குடுக்கறேன் சார். ஒளிச்சு வெக்கல. நாலாம் படுக்கையில செத்துப்போனவங்களோட பேரு. இனிஷியலோட, முழுப்பேரு."

இயக்குநர் நிர்வாக அதிகாரியைப் பார்த்தார். நிர்வாக அதிகாரி துணை இயக்குநரைப் பார்த்தார். அவர் கோப்பைப் புரட்டினார். மேஜை முழுக்கப் பார்வை ஒரு சுற்றுச் சுற்றி, இயக்குநரிடமே திரும்பி வந்தது.

"நோயாளி எண் தெரியும் சார்," என்றார் ஒருவர். "ஏழு இலக்க எண்."

"எண் இல்ல சார். பேரு," என்றான் வயர். "சாவுப் பதிவேட்டைத் திறந்து பாருங்க. அதுல இருக்கும்."

முறைப்படி எழப் போனார். சட்ட ஆலோசகர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பதிவேட்டை அலுவல் காரணத்துக்காகத் திறந்தால், யார், எதற்குத் திறந்தார்கள் என்று எழுத வேண்டும். எழுதினால் அந்தப் பதினான்கு நிமிடமும் சேர்த்து எழுத வேண்டும். சுற்றறிக்கை எண், பயிற்சிச் சான்றிதழ், பித்தளைத் தகடு எல்லாம் பின்னாலேயே வரும். பேரை வார்டில் யாரிடமாவது கேட்டாலும் இதே கேள்விகள் கிளம்பும். எல்லாப் பெட்டியின் அமைப்பையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அதற்கும் காரணம் எழுத வேண்டும். அதிலும் அந்த வியாழக்கிழமைத் தேதி வரும்.

"மூடியே இருக்கட்டும்," என்றார் சட்ட ஆலோசகர்.

அதனால் சேனல்கள் டீச்சர் போட்டபடியே இருக்கின்றன. தகடுகளும் இயக்குநர் போட்டபடியே இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்கு அந்த வருஷம் சத்தமில்லா வளாக விருது கிடைத்தது. கூடவே, இதய வார்டில் திரைப் பழுதை முற்றிலும் ஒழித்ததற்காக இயக்குநருக்குத் தனிப் பாராட்டுப் பத்திரமும் கிடைத்தது. வயரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இப்போது அவன் கடைத்தெருவில் போன் பழுது பார்க்கிறான்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள், முறைப்படி அந்தக் கடைக்கு வந்தார். போனில் கோளாறு எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சார்ஜர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நான் ஆபீஸ் சார்பா வரல," என்றார். "அந்த அம்மாவோட பேரு என்ன? எனக்காகத்தான் கேக்கறேன். மனசு கேக்கல."

வயர் கையிலிருந்த போனைக் கீழே வைத்தான். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினான். அதில் பேர் இல்லை. ஒரு வீட்டு முகவரி இருந்தது.

"அவங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்கார், ரெண்டு தெரு தள்ளி. சாயங்காலம் வீட்டுலதான் இருப்பார். அவர்கிட்ட போய்க் கேளுங்க. சொல்லுவார்."

முறைப்படி காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடைப்படி இறங்கினார். அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. வந்த வழியே திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனார்.